காவிப் பட்டையும் வானமும்: கறுப்பு வெள்ளை ஒளிப்படங்களில் நிற வடிப்பானின் தடம் – தஞ்சைச் சான்றுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கறுப்பு வெள்ளை ஒளிப்படம் வரலாற்றாய்வில் நேரடிச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. எனினும் அப்படத்தில் காணப்படும் ஒவ்வொரு சாம்பல் படிநிலையும், ஒளியுணர் பூச்சின் தன்மை, வில்லைக்கு முன் வைக்கப்பட்ட நிற வடிப்பான், ஒளிமூலம் ஆகிய மூன்றும் சேர்ந்து தீர்மானித்ததாகும். இவற்றுள் வடிப்பான் பற்றிய குறிப்பே ஆவணப் பட்டியல்களில் பெரும்பாலும் விடுபடுகிறது. தஞ்சைப் பெரிய கோயில், அதன் சோழர் கால ஓவியங்கள், காவிரிப் படுகையின் நெல்வயல், குடும்ப ஒளிப்படம் ஆகியவற்றைக் களமாகக் கொண்டு, வடிப்பான் சான்றின் பொருளை எவ்வாறு மாற்றக்கூடும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. குறிப்பு இல்லாத படங்களில், கோயில் மதிலின் காவிப் பட்டையையும் வானத்தையும் ஒப்பிட்டு வடிப்பானை ஊகித்தறியும் எளிய முறையொன்றையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: கறுப்பு வெள்ளை ஒளிப்படம், நிற வடிப்பான், ஆர்த்தோகுரோமாட்டிக், பான்குரோமாட்டிக், தஞ்சைப் பெரிய கோயில், சோழர் ஓவியம், காவிரிப் படுகை.

முன்னுரை

பழைய குடும்ப ஒளிப்படமொன்றில் மணப்பெண் கரிய பட்டுப் புடவையுடன் நிற்கிறாள். நெற்றியில் கரிய பொட்டு. தமிழ்நாட்டுத் திருமண வழக்கை அறிந்தவர், அப்புடவை செம்பட்டாகவும் அப்பொட்டு குங்குமமாகவும் இருந்திருக்கலாம் என எளிதில் உணர்வார். ஆனால் அந்த உணர்வு பண்பாட்டறிவிலிருந்து வருவதேயன்றிப் படத்திலிருந்து வருவதன்று. பண்பாட்டறிவு துணை செய்யாத இடங்களில் நாம் படத்தை அப்படியே நம்பிவிடுகிறோம். சுவரோவியத்தின் கோட்டு வன்மை, வயலில் நின்ற பயிரின் பருவம், ஒருவரின் தோல் நிறம் ஆகியவை இத்தகைய இடங்கள்.

தமிழக ஒளிப்பட ஆவணங்கள் இன்று பெருமளவில் எண்ணிம வடிவம் பெற்றுவருகின்றன. 1955இல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஒளிப்படத் தொகுப்பில் தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் பற்றிய படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் உள்ளன. தமிழகப் படநிலையங்களின் பழைய எதிர்ப்படங்களும் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் வழியாகப் பாதுகாக்கப்பட்டுள்ளன. இத்தொகுப்புகளைப் பயன்படுத்தும் ஆய்வாளர் எண்ணிக்கை பெருகும்போது, அவற்றை வாசிக்கும் முறையும் வகுக்கப்பட வேண்டியதாகிறது. அம்முயற்சியின் ஒரு பகுதியாக இக்கட்டுரை நிற வடிப்பானை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

1. ஒளியுணர் பூச்சும் நிறக்குருடும்

ஒளிப்படக் கலையின் முதல் அரை நூற்றாண்டில் பயன்பட்ட வெள்ளி உப்புப் பூச்சுகள் புறஊதா, ஊதா, நீலம் ஆகிய கதிர்களை மட்டுமே உணர்ந்தன. பச்சையும் மஞ்சளும் சிவப்பும் அவற்றுக்கு ஏறக்குறைய இருளே. ஆகவே நீலவானம் வெண்மையாகவும், இலை தழை கருமையாகவும், செந்நிறப் பொருள் கன்னங்கரேலென்றும் பதிந்தன. இக்காலத்தில் வடிப்பானுக்கு இடமில்லை. நீலத்தைத் தடுக்கும் மஞ்சள் கண்ணாடியை வில்லைக்கு முன் வைத்தால், தகடு உணரக்கூடிய ஒளியே தடைபட்டுவிடும்.

1873இல் பெர்லின் நகரில் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல், பூச்சுடன் சில சாயங்களைச் சேர்த்தால் அது பச்சை, மஞ்சள் கதிர்களையும் உணரும் என்பதைக் கண்டறிந்தார். இதன் விளைவாக 1880களில் ஆர்த்தோகுரோமாட்டிக் தகடுகள் விற்பனைக்கு வந்தன. இவை சிவப்பை மட்டும் உணராதவை. இங்கிலாந்தின் குராய்டன் நகரில் இயங்கிய ராட்டன் அண்டு வெயின்ரைட் நிறுவனம் 1906இல் சிவப்பையும் உணரும் பான்குரோமாட்டிக் தகடுகளை வெளியிட்டது. அவ்வாண்டில் அந்நிறுவனத்தில் இணைந்த கென்னத் மீஸ், தகட்டுக்கு ஏற்ற நிற வடிப்பான்களையும் அளவிட்டு உருவாக்கினார். 1912இல் கோடாக் நிறுவனம் இதனை வாங்கியது. இன்றும் வடிப்பான்கள் ‘ராட்டன்’ எண்களாலேயே குறிக்கப்படுவதற்கு இதுவே காரணம்.

புதிய தகடு வந்தவுடன் பழையது மறைந்துவிடவில்லை. ஆர்த்தோ தகட்டைச் சிவப்பு விளக்கொளியில் கண்ணால் பார்த்தபடியே உருத்துலக்கலாம்; பான்குரோமாட்டிக் தகட்டுக்கு முழு இருள் வேண்டும். இவ்வசதி காரணமாகப் படநிலையங்களில் ஆர்த்தோ நெடுங்காலம் நீடித்தது. ஆகவே படம் எடுக்கப்பட்ட ஆண்டை மட்டும் கொண்டு பூச்சின் வகையை முடிவு செய்ய இயலாது.

2. வடிப்பானின் செயல்

வடிப்பான் தன் நிறத்தை ஒத்த ஒளியை உள்ளே விட்டு, எதிர்நிற ஒளியைத் தடுக்கிறது. எனவே அச்சுப்படத்தில் வடிப்பானின் நிறமுடைய பொருள் வெளிறியும், எதிர்நிறப் பொருள் கறுத்தும் தோன்றும். ஒளியின் ஒரு பகுதி தடுக்கப்படுவதால் அதை ஈடுசெய்ய வெளிப்பாட்டு நேரத்தைப் பெருக்க வேண்டும். இப்பெருக்கமே வடிப்பான் காரணி எனப்படுகிறது.

பகலொளியில் பான்குரோமாட்டிக் படச்சுருளுக்கு 8ஆம் எண் மஞ்சள் வடிப்பானின் காரணி 2. அதாவது ஒரு ஸ்டாப் கூடுதல். 11ஆம் எண் மஞ்சட்பச்சை வடிப்பானுக்கு 4, இரண்டு ஸ்டாப். 25ஆம் எண் சிவப்பு வடிப்பானுக்கு 8, மூன்று ஸ்டாப். நூற்றிருபத்தைந்தில் ஒரு நொடி போதுமான காட்சிக்குச் சிவப்பு வடிப்பானுடன் பதினைந்தில் ஒரு நொடி தேவைப்படும். முக்காலி இல்லாதவர், காற்றில் அசையும் பயிரை எடுப்பவர், நடமாடும் மக்களை எடுப்பவர் சிவப்பு வடிப்பானைத் தவிர்த்ததற்கு இந்நடைமுறைக் காரணமும் உண்டு.

பான்குரோமாட்டிக் பூச்சும் மனிதக் கண்ணை அப்படியே ஒத்ததன்று. நீலத்தைக் கண்ணைவிடக் கூடுதலாக உணர்கிறது. மஞ்சள் வடிப்பான் அம்மிகையைக் குறைத்துக் கண் காணும் ஒளிநிலைக்குப் படத்தை நெருங்கச் செய்கிறது. இதனாலேயே மஞ்சளைத் ‘திருத்த வடிப்பான்’ என்றும், சிவப்பு, ஆரஞ்சு, அடர்பச்சை ஆகியவற்றை ‘முரண் வடிப்பான்’ என்றும் ஒளிப்படக் கையேடுகள் பிரிக்கின்றன. வரலாற்றாய்வாளருக்கு இப்பகுப்பு முதன்மையானது. முன்னது கண்ணுக்கு இணங்குகிறது. பின்னது எடுப்பவர் எதை முன்னிறுத்த விரும்பினாரோ அதற்கு இணங்குகிறது.

3. பெரிய கோயில்: வானம், கல், எழுத்து

1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப் 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்தார். அவ்வாண்டிலேயே தஞ்சை, திருவையாறு காட்சிகள் அடங்கிய அவரது தொகுப்பு வெளிவந்தது. விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அவர் அமைத்தது இந்திய ஒளிப்பட வரலாற்றில் தனியிடம் பெற்ற பணி. ஹுல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதி 1891இல் வெளிவரத் தொடங்குவதற்கு முப்பதாண்டுகளுக்கு மேல் முந்தையது இது.

டிரைப்பின் பூச்சு நீலத்தை மட்டும் உணர்ந்தது. இதனால் இரண்டு விளைவுகள் நேர்ந்தன. முதலாவது வானம் பற்றியது. 1855இல் பர்மாவில் எடுத்த எதிர்ப்படங்களில் வெறுமையாகப் பதிந்த வானத்தில் அவர் மேகங்களைக் கையால் வரைந்து சேர்த்திருக்கிறார். பிற்காலத்தில் ஒரு மஞ்சள் வடிப்பான் செய்யக்கூடிய வேலையைத் தூரிகை செய்தது. இத்தகைய படங்களின் மேகத்தைக் கொண்டு பருவத்தையோ வானிலையையோ ஊகிப்பது பிழையாகும்.

இரண்டாவது நிழல் பற்றியது. கல்வெட்டு எழுத்து நிறத்தால் அன்றி நிழலால் படிக்கப்படுகிறது. சாய்வாக விழும் வெயிலில் எழுத்தின் பள்ளம் நிழலாகிறது. அந்நிழலுக்குள் வரும் ஒளி பெரும்பாலும் வானத்திலிருந்து வரும் நீல ஒளி. நீலத்தை மட்டும் உணரும் தகட்டில் அந்நிழல் சற்று நிரம்பி வெளிறிவிடும். பான்குரோமாட்டிக் படச்சுருளில் ஆரஞ்சு அல்லது சிவப்பு வடிப்பானை இட்டால் நீலம் தடைபட்டு நிழல் அடர்ந்து எழுத்து துலங்கும். ஒரே கல்வெட்டின் இரு காலப் படங்களை ஒப்பிட்டு, பழைய படத்தில் மங்கலாக உள்ள எழுத்து அன்றே சிதைந்திருந்தது என்று முடிவு செய்வதற்கு முன் இவ்வேறுபாட்டைக் கருத வேண்டும்.

எனினும் சிவப்பு வடிப்பான் எல்லாவற்றுக்கும் உகந்ததன்று. 1010இல் நிறைவுற்ற இவ்விமானத்தின் கோட்டங்களில் உள்ள சிற்பங்கள் பகலின் பெரும்பகுதியில் நிழலில் நிற்பவை. எழுத்தைத் துலக்கும் அதே வடிப்பான் இச்சிற்பங்களின் கையையும் படைக்கலனையும் இருளில் ஆழ்த்திவிடும். கருமேகத்தை ஒத்த வானத்தின் முன் ஒளிரும் விமானம் நாட்காட்டிக்கு அழகு. படிமவியல் ஆய்வுக்கு இழப்பு. சிற்பத்தை ஆவணப்படுத்துவோர் மென்மஞ்சளோடு நின்றுகொள்வது பொருத்தம்.

4. சோழர் ஓவியம்: கோட்டின் வன்மையும் தகட்டின் தன்மையும்

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி, பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள உட்சுற்றுப் பாதையில் நாயக்கர் கால ஓவியப் படலத்துக்குக் கீழே சோழர் கால ஓவியங்கள் இருப்பதை வெளிப்படுத்தினார். சுந்தரர் வெள்ளை யானையில் கயிலை செல்வதும், திரிபுராந்தகர் காட்சியும் பின்னர் கலைவரலாற்று நூல்களில் இடம்பெற்றன. பாதை குறுகியது, இருண்டது. பொதுமக்கள் நுழைவு கட்டுப்படுத்தப்பட்டது. ஆகவே பெரும்பாலான ஆய்வாளர்க்கு இவ்வோவியங்கள் முதலில் அறிமுகமானது அச்சிட்ட படங்களின் வழியேதான். அவற்றுட் பல கறுப்பு வெள்ளை.

இவ்வோவியங்களில் காவிச் சிவப்பும் மஞ்சட் காவியும் மிகுதி. பச்சை மண், கரி, சுண்ணாம்பு வெண்மை ஆகியனவும் உண்டு. உருவ வரைகோடு பல இடங்களில் காவியாலானது. இதை ஆர்த்தோ தகட்டில் எடுத்தால் காவிக் கோடு கரிக் கோடாக மாறும். உருவத்தின் வரைகோடு உறுதியும் கூர்மையும் பெற்றுத் தோன்றும். அதையே பான்குரோமாட்டிக் தகட்டில் சிவப்பு வடிப்பானுடன் எடுத்தால் காவிக் கோடு வெளிறிச் சுண்ணாம்புத் தளத்தோடு கலந்துவிடும். கரிக் கோடு மட்டும் எஞ்சும். ஒரே ஓவியம் முதற்படத்தில் கோட்டோவியமாகவும் இரண்டாவதில் மென்னிழல் ஓவியமாகவும் நிற்கும்.

ஒளிமூலமும் இங்கு வடிப்பானின் பங்கை ஆற்றுகிறது. பகலொளி எட்டாத பாதையில் டங்ஸ்டன் மின்விளக்கைப் பயன்படுத்தினால் அவ்வொளியில் செம்மை மிகுதி. வடிப்பானே இடாவிட்டாலும் பான்குரோமாட்டிக் பூச்சில் காவி வெளிறும். மக்னீசிய ஒளித்தூளின் ஒளி வெண்மையை ஒட்டியது, அவ்விளைவு குறையும்.

சோழர் ஓவியத்தின் சிறப்பாகக் கோட்டின் வன்மை பேசப்படுவது கலைவரலாற்று மரபு. அம்மதிப்பீடு தவறு என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. ஓவியத்தை நேரிற் கண்டோரும் அதைச் சொல்லியிருக்கின்றனர். ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்தை மட்டும் ஆதாரமாகக் கொண்டு இரு ஓவியங்களின் கோட்டுத் தன்மையை ஒப்பிடும்போது, ஒப்பீட்டில் தகடும் வடிப்பானும் கலந்துவிடுகின்றன என்பதை மறுக்க இயலாது. சோழர் படலத்தையும் நாயக்கர் படலத்தையும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பூச்சில் எடுத்த படங்களைக் கொண்டு ஒப்பிடுவோர் இதனை முதலிற் சரிபார்க்க வேண்டும்.

வடிப்பானின் நற்பயனையும் இங்குக் குறிப்பிட வேண்டும். விளக்குப் புகையும் எண்ணெய்ப் படிவும் சுவரில் மஞ்சட்பழுப்பு ஏற்றுகின்றன. கறையின் நிறத்தை ஒத்த வடிப்பானை இட்டால் படத்தில் அக்கறை மெலியும். சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளவை போன்ற பழுப்பேறிய ஓலைச்சுவடிகளுக்கும் இதே நெறி பொருந்தும். ஆரஞ்சு அல்லது சிவப்பு வடிப்பான் ஓலையின் பழுப்பை வெளிறச் செய்யும். கரி தேய்த்த எழுத்து கருமை குன்றாமல் நிற்கும்.

5. வயலும் முகமும்

காவிரிப் படுகையின் வேளாண் வரலாற்றை எழுதுவோர் பழைய வயற்காட்சிகளையும் சான்றாகக் கொள்கின்றனர். நாற்று மஞ்சட்பச்சை, தூர்கட்டிய பயிர் அடர்பச்சை, முற்றிய கதிர் பொன்மஞ்சள். நீலத்தை மட்டும் உணரும் தகட்டில் மூன்றுமே கருமை சார்ந்தவை. முற்றிய கதிர்கூட இருண்டு தோன்றும். பான்குரோமாட்டிக் படச்சுருளில் மஞ்சட்பச்சை வடிப்பான் நாற்றை ஒளிரச் செய்யும். சிவப்பு வடிப்பான் பச்சைப் பயிரைக் கறுக்கவைத்து முற்றிய கதிரை வெளிறச் செய்யும். ஆகவே குறுவை அறுவடைக்கு நின்ற வயலையும் சம்பா இளம்பயிர் நின்ற வயலையும் சாம்பல் படிநிலையால் மட்டும் பிரிப்பது உறுதியற்றது. வரப்பு, நீர், கதிரின் சாய்வு, ஆட்களின் செயல் ஆகியவற்றையே முதற்சான்றாகக் கொள்ள வேண்டும். மார்கழிப் பனிமூட்டத்தை எந்த வடிப்பானும் விலக்குவதில்லை என்பதும் குறிக்கத்தக்கது. தொலைவின் நீலப் புகைச்சல் மிக நுண்ணிய துகள்களின் சிதறல் என்பதால் சிவப்பு வடிப்பானால் குறைகிறது. மூடுபனியின் நீர்த்துளிகள் பெரியவை. எல்லா நிறங்களையும் ஒப்பச் சிதறடிப்பவை.

முகத்தைப் பொறுத்தவரை சிக்கல் மேலும் ஆழமானது. பழுப்புநிறத் தோல் நீலத்தைவிடச் சிவப்பையே மிகுதியாக எதிரொளிக்கிறது. சிவப்பை உணராத தகடு அத்தோலை உள்ளதினும் கரியதாகக் காட்டும். 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த ‘தி பீப்பிள் ஆஃப் இந்தியா’ போன்ற குடியேற்றக்கால இனவரைவுத் தொகுப்புகள் நீலம் மட்டும் உணரும் பூச்சுக் காலத்தவை. அவற்றைக் கண்டு மக்களின் நிறத்தைப் பற்றிப் பேசுவது வேதியியலின் குறையை மனித உடலின் பண்பாக எழுதுவதாகும்.

படநிலையப் படங்களில் குங்குமமும் இவ்வாறே. ஆர்த்தோவில் அது கருமை. சாந்துப் பொட்டிலிருந்து பிரித்தறிய இயலாது. பான்குரோமாட்டிக் பூச்சில் டங்ஸ்டன் விளக்கொளியில் அது வெளிறித் தோலின் சாம்பலோடு கலந்துவிடக்கூடும். பொட்டில்லாத நெற்றி என்று அதனைக் கொண்டு அப்பெண்ணைக் கைம்பெண் எனப் பட்டியலில் எழுதினால், ஒரு குடும்பத்தின் வரலாறே மாறிவிடும்.

6. காவிப் பட்டை: உள்ளமைந்த நிறச்சான்று

எடுத்தவரின் குறிப்பு இல்லாதபோது வடிப்பானை அறிய வழியுண்டா? படத்துக்குள்ளேயே நிறம் தெரிந்த பொருளொன்று இருந்தால் உண்டு. காவிரிப் படுகையின் கோயில் மதில்களில் காவியும் சுண்ணாம்பும் மாறி மாறித் தீட்டப்பட்ட பட்டைகள் அத்தகைய பொருள். செம்மையும் வெண்மையும் ஒரே ஒளியில் அருகருகே நிற்பதால், அளவையட்டை ஒன்றை யாரோ மதிலில் எழுதி வைத்தது போன்றது அது. அதனோடு மேகமற்ற வானத்தையும் சேர்த்துப் பார்த்தால் பின்வரும் நான்கு நிலைகளைப் பிரிக்கலாம்.

அ) காவி கருமை, வானம் வெண்மை: நீலம் மட்டும் உணரும் தகடு, அல்லது வடிப்பானற்ற ஆர்த்தோ.
ஆ) காவி கருமை, வானம் சாம்பல்: மஞ்சள் வடிப்பானுடன் ஆர்த்தோ, அல்லது பச்சை வடிப்பானுடன் பான்குரோமாட்டிக்.
இ) காவி நடுச்சாம்பல், வானம் வெளிர்சாம்பல் அல்லது சாம்பல்: வடிப்பானற்ற அல்லது மஞ்சள் வடிப்பானிட்ட பான்குரோமாட்டிக்.
ஈ) காவி வெளிறிச் சுண்ணாம்புப் பட்டையை நெருங்குகிறது, வானம் கருமை: சிவப்பு வடிப்பானுடன் பான்குரோமாட்டிக்.

இம்முறை காலக் கணிப்புக்கும் உதவும். ஆர்த்தோ தகட்டின் முன் சிவப்பு வடிப்பானை வைத்தால் படம் பதியாது. ஆகவே ஈ நிலையிலுள்ள படம் பான்குரோமாட்டிக் தகடு விற்பனைக்கு வந்த 1906க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இதன் மறுதலை உண்மையன்று. அ நிலையிலுள்ள படம் பிற்காலத்ததாகவும் இருக்கலாம்.

வரம்புகளும் உள்ளன. தொடுவானம் எப்போதும் உச்சிவானத்தைவிட வெளிறியது. கதிரவனுக்கு எதிர்த்திசை வானம் அடர்ந்தது. மூடிய வானத்தில் இச்சோதனை செல்லாது. காவி மழையில் மங்கும். அச்சுத்தாளின் முரண்தரமும் வானத்தை வரைந்து சேர்க்கும் வழக்கமும் முடிவைத் திரிக்கலாம். எனவே இயன்றவரை அச்சுப்படத்தை விட்டு எதிர்ப்படத்தையே நோக்க வேண்டும். மதில் இல்லாத படங்களில் நிறம் உறுதியாகத் தெரிந்த வேறு பொருள்களைத் தேடலாம்: செங்கல், வாழையிலை, அரிசிமாக் கோலத்தின் காவிக் கரை.

முறையைச் சரிபார்க்க விரும்புவோர் பான்குரோமாட்டிக் படச்சுருளில் ஒரே மதிலை வடிப்பானின்றியும், மஞ்சள், பச்சை, சிவப்பு, நீல வடிப்பான்களுடனும் எடுத்து ஒப்பிடலாம். 47ஆம் எண் நீல வடிப்பான் இங்கு எதிர்த்திசையில் பயன்படுகிறது: இன்றைய படச்சுருளை அது டிரைப்பின் தகட்டை ஒத்ததாக்கும். முதுகலை மாணவர்க்கு ஒரு காலைப்பொழுதில் செய்துகாட்டக்கூடிய பயிற்சி இது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன: கறுப்பு வெள்ளைப் படத்தின் சாம்பல் நிறம் பொருளின் பண்பு மட்டுமன்று, பூச்சு, வடிப்பான், ஒளிமூலம் ஆகியவற்றின் கூட்டு விளைவு. தஞ்சைக் கல்வெட்டின் தெளிவு, சோழர் ஓவியத்தின் கோடு, நெல்லின் பருவம், மனிதத் தோலின் நிறம் ஆகியவை பற்றிய முடிவுகள் இக்கூட்டு விளைவைக் கருதாதபோது பிழைபடக்கூடும். படத்துக்குள்ளேயே உள்ள காவிப் பட்டையும் வானமும் வடிப்பானை ஊகிக்கத் துணைசெய்கின்றன.

ஆவணக் காப்பகங்கள் தம் பட்டியலில் பூச்சு வகை, வடிப்பான், ஒளிமூலம் ஆகிய மூன்று பத்திகளைச் சேர்த்து, குறிப்பு உள்ளதா, ஊகமா என்பதையும் பதிவு செய்வது நலம். எடுத்தவர் உயிருடன் இருக்கும் தொகுப்புகளில் அவரிடமே கேட்டெழுதுவது உடனடித் தேவை. எந்தப் படத்துக்கு எந்த வடிப்பானை இட்டார் என்பது அவர் நினைவில் மட்டுமே தங்கியிருக்கக்கூடும். வண்ணப்படத்தைக் கணினியில் கறுப்பு வெள்ளையாக மாற்றி ஆய்விதழுக்கு அனுப்பும் நாமும் இன்று அறியாமலேயே ஒரு வடிப்பானை இடுகிறோம். சிவப்பு, பச்சை, நீல அலைவரிசைகளுள் எதற்கு எவ்வளவு பங்கு தந்தோம் என்பதைப் படத்தின் கீழ் ஒரு வரியில் எழுதினால், பின்வரும் ஆய்வாளர் அதே சிக்கலை எதிர்கொள்ளும் நிலை நேராது.